இங்கே ஆப்பிள் மலிவு

தபால்காரர் நீட்டும் உறையை நஃபீசா உடனே பிரிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு நேரே வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, உள்ளே எத்தனை தாள் என்று முதலில் பார்ப்பார். “தடிமனா இருந்தா இன்னும் என்னமோ கேக்குறான்னு அர்த்தம். ஒத்தக் காயிதமா இருந்தா இல்லேன்னுட்டான்னு அர்த்தம்.” அலுவலகங்களோடு பல வருடம் பழகியதில் அவர் கண்டுபிடித்து வைத்திருப்பது இது.

பெரியபட்டினத்தில் அவருடைய தெருவில் விளக்கு எரியாவிட்டாலும், ஏர்வாடி பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் மனு எழுதுகிறவர் நஃபீசாதான். படித்தது எட்டாம் வகுப்பு. எழுத்து சற்றே சாய்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். தேதி போடாமல் ஒரு வரி எழுத மாட்டார். வீட்டுக்கு வந்த எந்தத் தாளையும் தூக்கிப்போட்டதில்லை. பிளாஸ்டிக் உறையிலும் வைக்க மாட்டார். “உப்புக் காத்துக்குக் காயிதம் வேர்க்கும். பிளாஸ்டிக்ல வச்சா மை கசிஞ்சிரும்” என்று, பழைய வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்து அதில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. பேசும்போது வலது கைக் கட்டைவிரலால் ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், பேனா பிடிக்காத நேரத்திலும் பிடித்திருப்பதைப் போல.

அந்தத் தெருவில் அவர் வயதுப் பெண்களின் கணவர்கள் எல்லாரும் சவுதிக்கோ துபாய்க்கோ போனவர்கள். இவருடைய கணவர் சீனி முகம்மது மட்டும் பட்டாளத்துக்குப் போனார். பக்கத்து வீட்டு சபியாவுக்கு அத்தரும் கம்பளியும் வந்த நாட்களில் நஃபீசாவுக்கு வந்தது தபால்தலை ஒட்டாத ராணுவக் கடிதம். எந்த ஊரிலிருந்து எழுதுகிறார் என்பதுகூட அதில் இருக்காது. எழுதக் கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். “எங்க இருக்காகன்னு தெரியாத ஆளுக்கு எட்டு வருசம் பதிலு எழுதுன பொம்பள நானு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

சீனி முகம்மது ராணுவத்தில் வண்டி மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, கடற்கரையில் ஒரு கொட்டகை போட்டு, மீன்பிடி வல்லங்களின் எஞ்சினைப் பழுது பார்க்கிறார். அதிகம் பேசாத மனிதர். எஞ்சினோடு பேசுவதைக் கேட்டவர்கள் உண்டு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு குடியரசு தினத்தன்றுதான் அந்தச் சம்பவம் நடந்தது. மாவட்டத் தலைநகரத்து மைதானத்தில் முன்னாள் படைவீரர்களைப் பதக்கங்களோடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சீனி முகம்மதின் நெஞ்சில் ஆறு பதக்கங்கள். ஓர் இளம் அதிகாரி ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் வாங்கிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். ஓய்வு பெறும்போது ராணுவம் தரும் சேவைப் புத்தகம் அது. வாங்கிய விருதுகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். சீனி முகம்மதின் புத்தகத்தில் நான்குதான் இருந்தன. சியாச்சின் பனிமலைப் பதக்கமும் உயர்மலைப் பதக்கமும் இல்லை.

“புக்ல இல்லாதத மாட்டக் கூடாது ஐயா. கழட்டிருங்க” என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான்.

சீனி முகம்மது இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஊக்கைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நஃபீசாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “கடையில வாங்கி மாட்டிக்கிட்டு வந்துருவாங்க போல.” நஃபீசா திரும்பிப் பார்த்தார். யார் சொன்னது என்று தெரியவில்லை. அதனாலேயே அந்தக் குரல் பல நாட்களுக்கு எல்லாருடைய வாயிலிருந்தும் வருவதாகத் தோன்றியது அவருக்கு.

வீடு திரும்பும் பேருந்தில் அவர் கேட்டார்: “மெய்யாலுமே அது ஒங்களுக்குக் குடுத்ததுதானே?”

“கர்னல் அவரு கையால ரிப்பன் குத்திவிட்டாரு. புத்தகத்துல ஏத்தாம விட்டுட்டாக போல. விடு புள்ள.”

“எப்புடி விடுறது?”

“விடுன்னா விடு.”

சீனி முகம்மது விட்டுவிட்டார். முன்னாள் படைவீரர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். தேநீர்க் கடையில் பட்டாளத்துப் பேச்சு வந்தால் எழுந்து போனார். கொட்டகைப் பலகையில் இருந்த ‘மிலிட்டரி’ என்ற சொல்லை ஒரு நாள் காலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தார். அன்று மதியம் நஃபீசா மரப்பெட்டியைத் திறந்தார்.

முதல் மனு சீனி முகம்மதின் படைப்பிரிவு ஆவண அலுவலகத்துக்குப் போனது. ஐந்து மாதம் கழித்து ஒற்றைத் தாளில் பதில்: இந்த ராணுவ எண்ணில் அப்படி ஒரு பதிவு இல்லை. இரண்டாவது மனுவுக்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு. ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நஃபீசா பிடித்துக்கொண்டார். அவரிடம் ஆதாரம் இருந்தது. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்றில் கணவர் எழுதிய இருபத்து மூன்று கடிதங்கள், துப்பட்டித் துணிக்குள், தேதி வரிசையில்.

கடிதங்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். திருப்புல்லாணியில் பூமிநாதன் இருந்தார். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவர். சுற்றுவட்டாரத்துப் பட்டாளத்துக்காரர்கள் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மேசையைத் துடைத்து, கையையும் துடைத்துக்கொண்ட பிறகே ஒரு தாளைத் தொடுவார். நஃபீசாவுக்கு அவரைப் பார்த்தவுடன் நம்பிக்கை வந்துவிட்டது.

“படிச்சாத்தான் மாத்த முடியும் தங்கச்சி” என்றார் பூமிநாதன், கடிதத்தைக் கையில் எடுத்து.

“படிங்கண்ணே. மனசுக்குள்ள படிங்க.” சொல்லிவிட்டு நஃபீசா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சில இடங்களில் கட்டைவிரலை வைத்து வரியை மறைத்தார். “இது வேணாம். இது எங்க மாமியாளப் பத்துனது. இது... இதையும் விட்டுருங்க.”

பதினோரு கடிதம் படித்ததும் பூமிநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுல ஒண்ணுமே இல்லையே.”

“என்ன ஒண்ணுமே இல்ல?”

“கேளுங்க. ‘இங்கே நல்ல காற்று. சாப்பாடு நம் வீட்டைப் போல. இங்கே ஆப்பிள் மலிவு. நீ கவலைப்படாதே.’ எல்லாக் கடுதாசியும் இதேதான். இதக் கொண்டுபோய்க் குடுத்தா, இந்த ஆளு ஊட்டியில இருந்துருக்காருன்னு எழுதி அனுப்பிருவாக.”

நஃபீசாவுக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பது வருடமாகக் காத்து வைத்த கடிதங்கள். கணவர் எங்கே இருந்தார் என்று அவரிடம் எப்போது கேட்டாலும் “மலையடிவாரத்துல வண்டி ரிப்பேரு, அம்புட்டுத்தான்” என்பதுதான் பதில். அது நிஜமாகவே அவ்வளவுதானோ என்ற எண்ணம் அன்றுதான் முதன்முதலாக வந்தது. அந்த எண்ணம் வந்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

பூமிநாதன் விடவில்லை. மீதிக் கடிதங்களையும் பிரித்தார். பதினாறாவதில் நிறுத்தினார். “இது அவரு எழுத்து இல்லையே?”

நஃபீசாவுக்குத் தெரியும். பதினாறு, பதினேழு, பதினெட்டு, மூன்றும் வேறு ஒருவர் கையெழுத்து. அந்தக் காலத்தில் அதற்காக அவர் பட்ட கோபம் கொஞ்சமல்ல. பொண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தை யாரோ ஒருவரை வைத்து எழுதுவதா என்று, பதில் போடாமல் இருந்துவிட்டார். எத்தனை நாள் என்று சரியாக நினைவில்லை. நாற்பது நாள் இருக்கும். பிறகு பழைய எழுத்திலேயே, ஆனால் கோணல் மாணலாக, ஒரு கடிதம் வந்தது. மனசு இளகிப் பதில் போட்டார்.

பூமிநாதன் பதினாறாம் கடிதத்தின் மடிப்பை விரித்து அடியில் பார்த்தார். கடுகு போன்ற எழுத்தில் ஒரு வரி: ‘எழுதியது தவசி, மாரியூர். அண்ணன் நலம்.’

“மாரியூரு எங்க இருக்கு? இந்தா, சாயல்குடிக்குப் பக்கத்துல. நாளைக்கே போவோம்” என்றார் பூமிநாதன்.

மறுநாள் இருவரும் போனார்கள். கணவரிடம் நஃபீசா சொல்லவில்லை. மாரியூரில் கேட்டவுடன் வழி காட்டினார்கள். கருவேல மரங்களைத் தாண்டி ஒரு களத்தில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் மிளகாய் வற்றலைக் காலால் தள்ளித் தள்ளிக் காய வைத்துக்கொண்டிருந்தார். காற்றே காரமாக இருந்தது. நஃபீசா இரண்டு முறை தும்மிய பிறகே பேச முடிந்தது.

“நான் பெரியபட்டினம் சீனி முகம்மது வீட்டுக்காரி...”

தவசி காலை நிறுத்தினார். “சீனியா? மெக்கானிக் சீனியா? வெரலு இருக்கா அவனுக்கு?”

நஃபீசாவுக்குப் புரியவில்லை. “என்ன வெரலு?”

“வலது கையி. ரெண்டு வெரல எடுத்துரணும்னு டாக்டர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இருக்கா, எடுத்துட்டாகளா?”

“இருக்கு” என்றார் நஃபீசா. “நுனி கறுத்துருக்கும். வெல்டிங் சுட்டுதுன்னு சொன்னாக.”

தவசி பெரிதாகச் சிரித்தார். கட்டிலை இழுத்துப் போட்டு இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் அப்போது அடிவாரத்து ராணுவ மருத்துவமனையில் நர்சிங் உதவியாளர். அவர் சொன்னது இதுதான்: பனிமலைக்கு மேலே சீனி முகம்மதை வேறொரு பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பியிருந்தார்கள், பனியில் ஓடும் ஸ்கூட்டர்களைச் சரி செய்ய. மூச்சு முட்டிக் கிடந்த ஒரு சிப்பாயைக் கீழே இறக்கிக்கொண்டு வரும் வழியில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அதில் கடுகளவு ஒரு திருகாணியைக் கழற்ற வேண்டும். கையுறை போட்ட கைக்கு அது அகப்படவில்லை. சீனி முகம்மது கையுறையைக் கழற்றினார்.

“அந்தக் குளிர்ல இரும்பத் தொட்டா தோலு ஒட்டிக்கிரும்மா. தெரிஞ்சேதான் தொட்டான். வண்டி ஓடுச்சு, அந்தப் பையன் பொழச்சான். இவன் எங்ககிட்ட வந்து படுத்துட்டான், அம்பது நாளு. நம்ம ஜில்லாக்காரன்னு நான் பக்கத்துலயே கெடப்பேன். கடுதாசி எழுதணும்னான். என்ன எழுதன்னேன். ஆப்பிள் மலிவுன்னு எழுதுன்னான்.” தவசி தோளில் ஒட்டிய மிளகாய் விதையைத் தட்டிவிட்டார். “இம்புட்டுக் கெடக்கு, ஆப்பிளப் பத்தி எழுதச் சொல்றியேடான்னேன். அவ பயந்துருவா, நீ எழுதுன்னான். எழுதுனேன். மூணு கடுதாசிக்கும் பதிலே வரல. பாவம், அதுக்குத்தான் ரொம்பச் சங்கடப்பட்டான்.”

நஃபீசா மிளகாய்க் காரத்தில் கண்ணைத் துடைப்பதைப் போலத் துப்பட்டி முனையால் துடைத்துக்கொண்டார். பூமிநாதன் மருத்துவமனையின் பெயர், வார்டு, மாதம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகம் பிரகாசமாகியிருந்தது. “படுத்துருந்தாருன்னா மருத்துவமனைப் பதிவேட்டுல பேரு இருக்கும். பேரு இருந்தா நம்பரு இருக்கும். இது போதும் தங்கச்சி.”

நஃபீசா நேராக வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைக் கொட்டகைக்குப் போனார். சீனி முகம்மது ஒரு வல்லத்து எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“சுஹா வாப்பா, கையக் காட்டுங்க.”

ஷார்ஜாவில் இருக்கும் மகளின் பெயரை வைத்துத்தான் அவர் கணவரைக் கூப்பிடுவார்.

“கிரீசா இருக்கு.”

“இருக்கட்டும். காட்டுங்க.” கையைப் பிடித்து இழுத்துத் தன் துப்பட்டியாலேயே துடைத்தார். “வெல்டிங்குன்னு சொன்னிய.”

சீனி முகம்மது கடலைப் பார்த்தார். “யாரு சொன்னா?”

“தவசி அண்ணே. மாரியூர்ல.”

“அவன் இருக்கானா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எப்புடி இருக்கான்?”

“மொதல்ல என்கிட்டப் பேசுங்க. ஏன் ஒரு வார்த்த எழுதல?”

“எழுதிருந்தா என்ன செஞ்சிருப்ப? அழுதுருப்ப. இங்கனக்குள்ள இருந்து வேற என்ன செய்ய முடியும்?”

“நாப்பது நாளு காயிதம் போடாம இருந்துருக்க மாட்டேன்.”

சீனி முகம்மது கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் தேடுவதைப் போலக் கையால் துழாவினார். பிறகு, “நாப்பத்திரெண்டு” என்றார்.

“எண்ணுனியளா?”

“அங்கன படுத்துக் கெடந்தவனுக்கு வேற என்ன வேல?”

நஃபீசா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று பக்கத்து வல்லத்தில் வலையில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. “ரெண்டுமேதான்” என்கிறார் இப்போது கேட்டால்.

மூன்றாவது மனு தவசியின் உறுதிமொழிப் பத்திரத்தோடும், மூன்று கடிதங்களின் நகலோடும், பூமிநாதனின் பட்டாளத்து ஆங்கிலத்தோடும் போனது. சீனி முகம்மதே அதில் கையெழுத்துப் போட்டார். அவர் இதில் சேர்ந்துகொண்டது நஃபீசாவுக்குப் பாதி வெற்றி. நான்கு மாதத்தில் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கடிதம். அடுத்த மூன்று மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை உறை வந்தது. நஃபீசா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒற்றைத் தாள்.

“இல்லேன்னுட்டான்” என்று சொல்லி, பிரிக்காமலேயே கணவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். சட்டியில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், சீனி முகம்மது கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்துவிட்டு வந்து கடிதத்தை மறுபடி எடுத்து, மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தார்.

“என் நம்பர்ல கடைசி ரெண்டு எண்ண மாத்திப் போட்டுட்டாகளாம். அறுபத்தி நாலுங்கறத நாப்பத்தி ஆறுன்னு. மெடலு ரெண்டும் வேற ஆளு நம்பர்ல போய் ஏறிக்கிருச்சாம். ஆஸ்பத்திரிப் பதிவ வச்சுப் பாத்துச் சரி பண்ணிட்டாக. புத்தகத்தக் குடுத்து ஏத்திக்கிறச் சொல்லிருக்காக.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் நஃபீசா. கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு அவருடைய இயல்பான கோபம் திரும்பி வந்தது. “ஒத்தக் காயிதத்துல இம்புட்டையும் சொல்ல முடியுதுல்ல? அப்பறம் என்னத்துக்கு என்னைய இத்தன வருசம் எழுத வச்சாக?”

மீன் அடிப்பிடித்துவிட்டது. அன்று இருவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். சீனி முகம்மது இரண்டாம் முறை சோறு கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் தவசிக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நஃபீசா கேட்டதே இல்லையாம்.

புத்தகத்தில் இரண்டையும் ஏற்றி வாங்கிய பிறகு வந்த குடியரசு தினத்தன்று காலையில் பதக்கங்களைக் குத்திவிட்டது நஃபீசாதான். கணவரின் விரல்களுக்கு அன்று மைதானத்தில் ஊக்கு ஏன் அகப்படவில்லை என்பது இப்போது அவருக்குத் தெரியும். மைதானத்துக்கு மனுக்களின் நகல், பதில்கள், தவசியின் பத்திரம், புதிய கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பெண்கள் வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் நேரே போய்ப் பேசுவதென்று செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வரிசையின் ஓரத்தில் நின்றார். “உக்காருங்கம்மா, மறைக்குது” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நஃபீசா காதில் வாங்கவில்லை.

அதிகாரி வந்தார், முன்பு வந்தவர் இல்லை, வேறொருவர். சீனி முகம்மதின் புத்தகத்தை வாங்கினார். பக்கத்தைத் திருப்பினார். நெஞ்சைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரிடம் நகர்ந்தார்.

அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

நஃபீசா நாற்காலியில் உட்கார்ந்தார். ராமநாதபுரத்தில் ஜனவரி வெயிலும் வெயில்தான். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை நீட்டி, மடியில் கிடந்த கோப்பை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.